நடு விலை மடக்குக் கத்தி: எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பி அனுப்பணும்?

#1 கூர்நோக்கு

வணக்கம் நண்பர்களே. பல வருடமாக ஒரே ஒரு மலிவுக் கத்தியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை கொஞ்சம் சேர்த்துவைத்து, அடிமட்டமும் இல்லாமல் உச்சியும் இல்லாமல் நடு விலையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். டி2 எஃகு, 8 சென்டிமீட்டர் பிளேடு, ஜி10 கைப்பிடி, லைனர் லாக் (விரித்த பிளேடு மடங்காமல் உள்தகடு ஒன்று வந்து தாங்கும் பூட்டு). தயாரிப்பாளர் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் ஒரே சந்தோஷம். அப்புறம் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

மடக்கினால் பிளேடு நடுவில் உட்காரவில்லை. ஒரு பக்கம் நாலாக மடித்த தாள் தாராளமாக நுழைகிறது, இன்னொரு பக்கம் ஒற்றைத் தாளே இடிக்கிறது. கூர் ஓரத்தில் பளபளவென்று தெரியும் அந்தப் பட்டை இடப்பக்கம் அகலம், வலப்பக்கம் ஒல்லி. முனையை நெருங்க நெருங்க வித்தியாசம் கூடுகிறது. கிளிப்புக்குப் பக்கத்தில் ஸ்கேலும் (கைப்பிடியின் வெளித்தகடு) உள்ளே இருக்கும் லைனரும் (உள்தகடு) சேரும் இடத்தில் நகம் தட்டுகிறது. பிளேடில் அது சுழலும் அச்சுக்கு அருகே மூன்று சின்னக் கீறல். தயாரிப்பாளர் சின்னம் லேசாகச் சாய்ந்து பதிந்திருக்கிறது.

தாளை வெட்டினால் சத்தமே இல்லாமல் போகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்றவருக்கு எழுதினேன். "தொழிற்சாலைத் தயாரிப்பில் இதெல்லாம் சகஜம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. திருப்பி அனுப்ப இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. நான் கேட்பது அதிகமா? இந்த விலைக்கு எதை எதிர்பார்ப்பது நியாயம்?

#2 கயிற்றுக்காரர்

வெட்டுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. வச்சுக்கோங்க. என் கத்தி நாலு வருஷமா ஒரு பக்கம் சாஞ்சுதான் உட்காருது. தினமும் கயிறு, பட்டை, அட்டைப்பெட்டி எல்லாம் அதுலதான் அறுக்கிறேன். விரிச்சு வச்சு வேலை செய்யும்போது அது மடக்குறப்ப எங்க உட்காரும்னு யார் பார்க்குறா?

ஒண்ணே ஒண்ணு மட்டும் பாருங்க. மடக்கும்போது பிளேடு லைனர்ல உரசுதா? பிளேடு பக்கவாட்டுல மார்க்கர் பேனா மையைப் பூசி, காயவிட்டு, பத்து தடவை திறந்து மூடுங்க. மை அப்படியே இருந்தா கவலையை விடுங்க. கோடு மாதிரி அழிஞ்சிருந்தா உரசுது. உரசுனா அதை விடக்கூடாது, கூரே போய் லைனர்ல மோதுற நாள் வரும்.

#3 நேர்கோடு

"சகஜம்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. எத்தனை பேருக்கு நடந்தாலும் குறை குறைதான். அடிக்கடி நடப்பதால் அது சரியாகிவிடுவதில்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள். ஓப்பினல் 1890 முதல் வரும் கத்தி. மரப்பிடி, ஒரு பிளேடு, 1955-ல் சேர்த்த அந்தச் சுழல் வளையப் பூட்டு, அவ்வளவுதான். நடு விலைக் கத்திகளைவிட எவ்வளவோ மலிவு. விக்டோரினாக்ஸின் சிவப்புக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கருவிகள், எத்தனை அடுக்குத் தகடுகள்! விரல் நகத்தை மேலே ஓட்டினால் எங்கும் தட்டாது. குறைந்த விலையில் அவர்களால் முடிகிற ஒழுங்கு, அதைவிட அதிகம் வாங்குகிறவர்களால் ஏன் முடியவில்லை? விலைதான் காரணம் என்றால் இந்த இரண்டையும் எப்படி விளக்குவீர்கள்?

விளம்பரப் படத்தில் கூர்ப்பட்டை இரண்டு பக்கமும் ஒரே அகலமாகத்தான் இருக்கும். சின்னம் நேராகத்தான் இருக்கும். வாங்குகிறவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் காசைக் கொடுக்கிறார். நண்பர் கேட்பது அதிகமே இல்லை.

#4 சாணைத்தூசி

பல வருடம் கத்தி பட்டை பிடிக்கும் வேலையில் இருந்தவன். நேர்கோடு கேட்டது நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஓப்பினலும் விக்டோரினாக்ஸும் ஒரே வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவர்கள். அந்த ஒரு கத்திக்காகவே கட்டிய இயந்திரங்கள் அவர்களிடம் உண்டு. வடிவமும் மன்னிக்கிற வடிவம். ஓப்பினல் பிடியில் மரத்தில் வெட்டிய ஒரு பள்ளம். பிளேடு அதில் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் கண்ணுக்குப் படாது. சிவப்புக் கத்தியில் எல்லாம் ரிவெட் அடித்து இறுக்கியது. பயனர் தளர்த்த ஒரு திருகு கிடையாது. நடு விலை மடக்குக் கத்தியின் பாடு வேறு. ஒரே தொழிற்சாலை பல மாடல் செய்யும், சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒன்று இறக்கும். அச்சு, வாஷர், பூட்டு, விரிந்த பிளேடு இடித்து நிற்கும் தடுப்பு முள், திருகுகள் என்று எல்லாம் தனித்தனியாக வந்து ஒரு மேசையில் சேரும். ஒவ்வொன்றிலும் உள்ள நூலளவு பிழை கடைசியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

பிளேடு நடுவில் உட்காராததை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அச்சைச் சுற்றி இருக்கும் வாஷர் 10 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட 0.05 மி.மீ. உயர்ந்திருக்கிறது. சாதாரணத் தாளின் தடிப்பில் பாதி அது. முனை அச்சிலிருந்து 80 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதாவது வாஷர் விட்டத்தைப் போல எட்டு மடங்கு. அச்சில் பாதித் தாள் சாய்ந்தால் முனையில் 0.4 மி.மீ. விலகும். நாலு தாள் தடிப்பு. நீங்கள் தாள் விட்டுப் பார்த்தது அதைத்தான். இந்த விலையில் அச்சுப் பகுதியை இதைவிடத் துல்லியமாகச் செய்து கொடுக்கிறவர்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு கத்தியிலும் எதிர்பார்க்க முடியாது.

கூர்ப்பட்டை கதை வேறு. தகட்டிலிருந்து பிளேடை வெட்டுவது இயந்திரம். உலையில் போட்டுத் தோய்ச்சல் கொடுத்தபின் இரண்டு முகத்தையும் மட்டம் தட்டுவது இயந்திரம். கூரை நோக்கி பிளேடு மெலிந்து வரும் பெரிய சரிவைத் தேய்ப்பதும் இப்போது பெரும்பாலும் கணினி ஓட்டும் இயந்திரம். கடைசியில் அந்தக் கூர் மட்டும் பல தொழிற்சாலைகளில் இன்றும் ஒரு மனிதர் ஓடுகிற சாணை பெல்ட்டுக்கு முன்னால் நின்று கையால் வைப்பது. இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அடுத்த கத்தி. முனைக்கு வரும்போது மணிக்கட்டை உயர்த்தணும். அந்த உயர்த்தல் இரண்டு கைக்கும் ஒன்றுபோல வராது. முனையில் வித்தியாசம் கூடுவது அதனால்தான்.

அகல வித்தியாசம் எவ்வளவு கோணப் பிழை என்று கேட்டால், கூருக்குச் சற்று மேலே பிளேடு 0.5 மி.மீ. தடிப்பு என்று கொள்ளுங்கள். பக்கத்துக்கு 20 டிகிரி வைத்தால் பட்டை 0.73 மி.மீ. அகலம் வரும். 15 டிகிரி வைத்தால் 0.97. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வேறுபாடு, ஆனால் இரண்டு கோணமுமே நன்றாக வெட்டும் கோணம். அதனால்தான் தாள் சத்தமில்லாமல் போகிறது.

காசு போன இடம் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே டி2, ஒருவர் உலையில் 60 ராக்வெல் கடினத்துக்குக் கொண்டுவருவார், இன்னொருவர் 57-ல் விட்டுவிடுவார். படத்திலும் தெரியாது, விளக்கடியிலும் தெரியாது. அறுக்க அறுக்கத்தான் தெரியும். பக் (Buck) நிறுவனத்தின் 110 கத்தி 1964-ல் வந்தது, இன்றும் விற்கிறது. அதில் வழக்கமாக வரும் 420எச்சி ஒன்றும் விலையுயர்ந்த எஃகு இல்லை. அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது உலையில் அவர்கள் செய்யும் வேலை.

#5 கூர்நோக்கு

மிக்க நன்றி ஐயா. அந்த நாலு தாள் கணக்கைப் படித்ததும் கத்தியை எடுத்து மறுபடி பார்த்தேன். நம்பவே முடியவில்லை, அத்தனை சின்னப் பிழையா இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது!

மார்க்கர் மையும் பூசிப் பார்த்தேன். பத்து தடவைக்குப் பதில் இருபது தடவை. மை அழியவில்லை. ஆக உரசல் இல்லை.

அப்படியானால் நகம் தட்டுவதும் கீறலும்?

#6 பழம்பிடி

தம்பி, நான் பூட்டில்லாத பழைய பாணிக் கத்திகளின் ஆள். எலும்புப் பிடி, மான்கொம்புப் பிடி, முதுகில் பிளேடை அழுத்திப் பிடிக்கும் வில். நவீனக் கத்தியின் திருகு சமாசாரம் எனக்கு அவ்வளவாக வராது. ஆனால் இடைவெளி என்ற விஷயத்தில் கொஞ்சம் அடிபட்டிருக்கிறேன்.

புதிதாக வந்த கத்தியை நான் முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். முதுகு வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தால் மனசு சுருங்கிவிடும். பல வருடம் முன்பு அப்படி ஒரு கத்தியைத் திருப்பி அனுப்பினேன். மயிரிழைக் கோடு, விரல்நீளம்கூட இல்லை. மாற்றாக வந்ததில் கோடே இல்லை, எண்ணெய்கூட நுழையாத மாதிரி இறுக்கம். ஆனால் அதன் வில் சோப்ளாங்கி. விரித்தால் "டக்" என்று நிற்காமல் நொளநொளவென்று போய் நின்றது. மடக்கும்போது கூர் வில்லின் உட்பக்கத்தில் போய் இடித்து, நடுவில் ஒரு இடம் மழுங்கியது. தீட்டுவேன், மறுபடி அதே இடம் மழுங்கும். முதல் கத்தியின் வில் எவ்வளவு அருமையாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அது இப்போது யாரிடம் இருக்கிறதோ.

அதற்காக இடைவெளியே பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. வெளிச்சம் நுழையும் இடத்தில் ஈரம் நுழையும், சட்டைப் பையின் பஞ்சு நுழையும். பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும். துருப்பிடிக்கிற எஃகு என்றால் உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். எலும்பும் மரமும் காற்று காய்ந்தால் சுருங்கும், ஈரத்தில் உப்பும். அங்கே ஒரு பருவத்தில் தட்டுகிற விளிம்பு இன்னொரு பருவத்தில் தட்டாது. உங்கள் ஜி10 அப்படி இல்லை. கண்ணாடி இழையை எபாக்ஸியில் அழுத்திச் செய்தது. இன்று நகம் தட்டினால் பத்து வருடம் கழித்தும் தட்டும். அதனால் கையில் குத்துகிறதா, வெறுமனே நகத்துக்குத்தான் தெரிகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் கையில் பிடித்து எதையாவது சீவினால் உள்ளங்கை சொல்லிவிடும்.

#7 மூன்றாம்திருகு

நடுவுக்குக் கொண்டுவர முயற்சி பண்ணலாம். ஆனா அவசரப்படாதீங்க.

முதல்ல எல்லாப் பக்கமும் படம் எடுத்து வச்சுக்கோங்க, விற்றவருக்குக் காட்ட உதவும். கத்தியைப் பிரிச்சா உத்தரவாதம் போச்சுன்னு சில கம்பெனிகள் எழுதியே வச்சிருக்காங்க, அட்டையைப் படிங்க. அச்சுத் திருகைத் தளர்த்தி இறுக்குறது பிரிக்கிறதுல சேராதுன்னு பலரும் எடுத்துக்குறாங்க, அதையும் அட்டையில பார்த்துக்கோங்க.

பெரும்பாலும் அச்சுக்கு டி8, மத்த திருகுக்கு டி6 டார்க்ஸ் (நட்சத்திரத் தலைத் திருகு அளவு). தரமான பிட் வேணும். மட்டமான பிட்டால டி6 தலையைச் சிதைச்சவங்க கண்ணீர்க் கதை நிறைய இருக்கு. திருகு அசையலைன்னா பலத்தைக் காட்டாதீங்க, உள்ளே பசை போட்டிருப்பாங்க. சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகுத் தலைமேல ஒரு நிமிஷம் வச்சு எடுத்தா பசை இளகும்.

உடம்புத் திருகு எல்லாத்தையும் கால் சுற்று தளர்த்துங்க. பிளேடை மடக்கி, விரலால நடுவுக்குத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டே அச்சுக்கு எதிர்ப்பக்கத் திருகுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா இறுக்குங்க. கடைசியா அச்சு. பாதிக்குப் பாதி கேஸ் இதுலயே சரியாயிடும்னு சொல்ல ஆசைதான், ஆனா எண்ணிப் பார்த்தவன் இல்ல. என் கையில பல தடவை சரியாகியிருக்கு.

முக்கியமானது: இதையெல்லாம் தொடுறதுக்கு முன்னாடி பூட்டைப் பார்த்தீங்களா? நீங்க எழுதினதுல பூட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

#8 நேர்கோடு

சாணைத்தூசி ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். மனிதக் கை வைக்கும் கூர் ஒன்றுபோல வராது என்பதும் புரிகிறது. நான் மரவேலை செய்கிறவன், என் கையும் அப்படித்தான். ஆனால் என் மேசையிலிருந்து ஓர் இழுப்பறை வெளியே போவதற்கு முன் நான் அதை இழுத்துப் பார்ப்பேன். பிழை வருவது இயல்பு, அது யாருக்கும் தெரியாமல் வெளியே போவது இயல்பில்லை.

கடைசிப் பரிசோதனையை வாங்குகிறவர் தலையில் கட்டுவதுதான் என் வருத்தம். அவர் விளக்கடியில் உட்கார்ந்து தாள் விடுகிறார், மை பூசுகிறார், திருகு பிட் வாங்குகிறார். இதற்கு அவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? தோற்றத்தில் பிசகிய கத்தியைத் தனியே ஒதுக்கி, "இரண்டாம் தரம்" என்று வெளிப்படையாகச் சொல்லி, குறைத்து விற்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தெரிந்தே வாங்குகிறோம். முதல் தர விலைக்கு இரண்டாம் தரத்தை அனுப்பிவிட்டு "சகஜம்" என்பதுதான் உறுத்துகிறது.

#9 சாணைத்தூசி

நேர்கோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒவ்வொரு கத்தியையும் எடுத்துப் பார்க்க ஓர் ஆள், அவருக்கு நேரம், ஒதுக்கியதன் நஷ்டம் எல்லாம் விலையில் ஏறும். மேல்விலைக் கத்திகளில் நாம் கூடுதலாகக் கொடுப்பதில் ஒரு பெரிய பங்கு அந்த ஒதுக்கலுக்குத்தான். நடு விலையில் அந்த வேலை பாதி நடக்கிறது. எந்தப் பாதி நடக்கணும் என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் தகராறு. பெட்டியின் மேல் அச்செழுத்து அழகாக வர எடுத்துக்கொள்ளும் அக்கறையைக் கூரின் அடிமூலையில் காட்டலாம்.

அடிமூலை என்று நான் சொல்வது கைப்பிடிக்கு மிக அருகே கூர் தொடங்கும் இடத்தை. கூர்நோக்கு, அங்கே உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். பல கத்திகளில் கடைசி மூன்று நாலு மில்லிமீட்டருக்குக் கூரே வைத்திருக்காது, அல்லது பெல்ட்டின் ஓரம் பதிந்து உள்வளைவாகக் குழிந்திருக்கும். குழிவு இருந்தால் தட்டைக் கல்லில் தீட்டும்போது அந்த இடம் கல்லைத் தொடவே தொடாது. பட்டை அகலம் இரண்டு முறை தீட்டினால் மாறும். குழிவு போக நிறைய எஃகைத் தின்னணும். பார்வைக்கு முதலாவது பெரிய குறை, கல்லுக்கு இரண்டாவதுதான் பெரிய குறை.

கீறல் பற்றி. டி2-வில் ஏறத்தாழ 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, ஆனால் ஒன்றரை சதவீதம் கார்பனும் இருக்கிறது. குரோமியத்தில் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கெட்டித் துகள்களாகிவிடும். துருவைத் தடுக்க மிஞ்சுவது முழு அளவு இல்லை. அதனால்தான் அதை முழுத் துருப்பிடியா எஃகு என்று சொல்வதில்லை. கீறலின் அடியில் ஈரம் தங்கும். ஒரு பொட்டு எண்ணெய் தடவி வையுங்கள், அது போதும். விஜி-10, 14சி28என் போன்ற துருப்பிடியா எஃகாக இருந்தால் இந்தக் கீறலை நான் கணக்கிலேயே எடுக்கமாட்டேன்.

இன்னொன்று. பெட்டியிலிருந்து வந்த கூரை வைத்து எஃகை எடைபோடாதீர்கள். ஓடுகிற பெல்ட்டில் தண்ணீரில்லாமல் கூர் வைக்கும்போது அந்த மெல்லிய நுனி சட்டென்று சூடேறும். பல எஃகுகளுக்குக் கெட்டிப்படுத்தியபின் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடுகாட்டிப் பதம் இறக்கியிருப்பார்கள். நுனி அதைத் தாண்டினால் அந்த இழையளவு மட்டும் இளகிவிடும், நிறம்கூட மாறாது. இரண்டு மூன்று தடவை கல்லில் தீட்டி அந்த இழை போனபின்தான் உள்ளே இருக்கும் உண்மையான எஃகு வெளியே வரும். "டி2 என்றார்கள், ஒரு வாரத்தில் மழுங்கிவிட்டது" என்று எழுதுகிறவர்களில் பலர் அந்த முதல் கூரிலேயே நின்றுவிட்டவர்கள்.

மூன்றாம்திருகு கேட்ட பூட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நானும் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

#10 கூர்நோக்கு

இன்று மாலை எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பொறுமையாக எழுதுகிறேன், ஒரு இடத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது.

அட்டையைப் படித்துவிட்டு, திருகுகளைத் தளர்த்தி, விரலால் பிடித்து இறுக்கினேன். பிளேடு நடுவுக்கு வந்தது! முழுசாக இல்லை, ஆனால் இப்போது இரண்டு பக்கமும் தாள் போகிறது. அரை மணி நேரம் குச்சி சீவினேன். நகம் தட்டும் ஓரம் உள்ளங்கைக்குத் தெரியவே இல்லை. அடிமூலையில் குழிவு இல்லை, இரண்டு மில்லிமீட்டருக்குக் கூர் இல்லை அவ்வளவுதான்.

பூட்டு. விரித்தபின் முனையைத் துணியால் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் அசைத்தேன். "டிக்" என்று ஒரு சின்ன அசைவு. அச்சை இறுக்கினாலும் போகவில்லை. பக்கவாட்டில் ஆட்டம் இல்லை, மேல்கீழாகத்தான். பிறகு முதல் நாள் எடுத்த படங்களைப் பார்த்தேன். அன்று லைனர் பிளேடின் அடிக்கட்டையில் (அச்சை ஒட்டிய பின்பகுதி) மூன்றில் ஒரு பங்கு வரைதான் ஏறியிருந்தது. இன்று கிட்டத்தட்ட மறுபக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வாங்கி ஐந்து நாள். நூறு தடவை திறந்திருப்பேன்.

இது சாதாரணம்தானா?

#11 சாணைத்தூசி

இல்லை. அந்தக் கத்தியை இனி விரிக்காதீர்கள். திருப்பி அனுப்புங்கள்.

ஏன் என்றும் சொல்லணும். இன்று நாம் காணும் லைனர் லாக்கை 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கத்தி செய்பவர் செம்மைப்படுத்திப் பரப்பினார். அதன் அழகே தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்வதுதான். பிளேடின் அடிக்கட்டையில் லைனர் வந்து உட்காரும் முகம் நேராக இருக்காது, சில டிகிரி சரிவாக இருக்கும். தேயத் தேய லைனர் அந்தச் சரிவில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய், மறுபடி இறுகி நிற்கும். புதுக் கத்தியில் மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று நிறுத்துவது, மீதி தூரத்தைப் பல வருடத் தேய்மானத்துக்கு மிச்சம் வைக்கத்தான். உங்கள் கத்தி அந்தப் பல வருடத்தை ஐந்து நாளில் செலவழித்துவிட்டது. சரிவின் கோணம் தப்பியிருக்கலாம், தடுப்பு முள் சரியாக உட்காராமல் இருக்கலாம், லைனரின் நுனி மென்மையாக இருக்கலாம். படத்தை வைத்து எது என்று சொல்லமாட்டேன். எதுவானாலும் திருகை வைத்துச் சரிசெய்யும் விஷயம் இல்லை.

பிளேடின் முதுகை மேசையில் அடித்துப் பூட்டைச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். நல்ல பூட்டையும் அது கெடுக்கும், கெட்ட பூட்டென்றால் விரலில் மடங்கும்.

#12 மூன்றாம்திருகு

அனுப்புறதுக்கு முன்னாடி முதல் நாள் படத்தையும் இன்னைக்குப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்புங்க. "சகஜம்"னு ஒரு வரியில முடிக்க முடியாது. கடிதத்துல சின்னம் சாய்ஞ்சது, கீறல் எதையும் எழுதாதீங்க. பூட்டு மட்டும். அஞ்சு குறை எழுதினா அவங்க லேசானதுக்கு மட்டும் பதில் சொல்வாங்க.

#13 நேர்கோடு

நண்பருக்கு விரலில் எதுவும் படாமல் போனதே பெரிய விஷயம். ஆனால் என் சந்தேகம் இப்போது இன்னும் வலுக்கிறது. வெளியே தெரியும் ஐந்து இடத்தில் அசட்டையாக இருந்தவர்கள் உள்ளே பூட்டிலும் அசட்டையாக இருந்திருக்கிறார்கள். முதல் நாளே தோற்றத்தை வைத்துத் திருப்பியிருந்தால் இந்தப் பூட்டோடு ஐந்து நாள் கழிக்க வேண்டியதில்லை.

#14 சாணைத்தூசி

இந்த ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. சின்னத்தை லேசரில் பதிப்பது ஒரு மேசை, பூட்டு முகத்தைத் தேய்ப்பது வேறு மேசை, வேறு ஆள், வேறு இயந்திரம். சின்னம் நூல்பிடித்த மாதிரி நேராக, பட்டை கண்ணாடியாக, பிளேடு அச்சு அசலாக நடுவில் இருந்து, பூட்டு மட்டும் நழுவிய கத்திகளை என் கையால் ஒதுக்கியிருக்கிறேன். பார்வைக்குச் சுத்தமாக இருந்ததாலேயே அவை எங்களைத் தாண்டிப் போகப் பார்த்தன. வெளித்தோற்றத்தை வைத்துப் பூட்டை நம்பினாலும் தப்பு, சந்தேகித்தாலும் தப்பு. பூட்டைப் பூட்டாகத்தான் பார்க்கணும்.

பிளேடின் பெரிய சரிவு தொடங்கும் கோடு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இல்லையென்றால் மட்டும் நீங்கள் சொல்வதை ஏற்பேன். அது பிளேடின் தடிப்பையே ஒரு பக்கம் கூட்டும். வெட்டும்போது ஒரு பக்கமாக இழுக்கும். அது அலங்காரக் குறை இல்லை.

#15 கயிற்றுக்காரர்

நான் முதல்ல "வச்சுக்கோங்க"ன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். வெட்டுதான்னு மட்டும் கேட்டேன், நிக்குதான்னு கேட்கலை. இதைப் படிச்சுட்டு என் கத்தியையும் எடுத்து அசைச்சுப் பார்த்தேன். நாலு வருஷம் கழிச்சும் பாதியிலதான் நிக்குது, அசைவு இல்ல. சாஞ்சு உட்கார்ற அதே கத்திதான்.

#16 பழம்பிடி

தம்பி, மாற்று வந்ததும் முதலில் கூரைப் பார்க்காதீர்கள், அடக்கமாக உட்கார்ந்து நூறு தடவை விரித்து மடக்குங்கள். அப்புறம் எழுதுங்கள்.

#17 கூர்நோக்கு

மாற்றுக் கத்தி வந்து ஒன்பது நாள் ஆகிறது. இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

பழம்பிடி ஐயா சொன்னபடி முதலில் நூறு தடவை. பிறகு இன்னும் நூறு. முதல் தடவையும் இருநூறாவது தடவையும் படம் எடுத்தேன். லைனர் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய அதே இடத்தில் நிற்கிறது. முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பாறை மாதிரி இருக்கிறது. அதற்கப்புறம்தான் விளக்கடிக்கு எடுத்துப்போனேன்.

சின்னம் இதிலும் அதே பக்கம் அதே அளவு சாய்ந்திருக்கிறது. பிளேடு மடக்கினால் இந்த முறை வலது பக்கம் ஒட்டி உட்காருகிறது, மை அழியவில்லை. கூர்ப்பட்டை முனையில் இடப்பக்கம் அகலம். பெரிய சரிவு தொடங்கும் கோட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறது. நேர்கோடு கோபித்துக்கொள்ள வேண்டாம், சின்னத்துக்காக விற்றவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், திருப்பி அனுப்பாமல். ஒரே பக்கம் ஒரே அளவு என்றால் அது அவர்கள் சின்னம் பதிக்கும் மேசையில் இருக்கும் பிழை. யாராவது சொன்னால்தானே மாற்றுவார்கள்.

நேற்று முதல் தடவை கல்லில் வைத்தேன். கூர்ப்பட்டை முழுக்க மார்க்கர் மை பூசிவிட்டு, பக்கத்துக்கு 18 டிகிரி என்று ஒரு மரத்துண்டைச் சாய்த்து வைத்து, அதன் அணைப்பில் தீட்டினேன். இடப்பக்கம் பத்து இழுப்பில் மை மேல் விளிம்பில் மட்டும் போனது, கூர் நுனியில் ஒரு கருங்கோடாக நின்றது. அப்படியானால் தொழிற்சாலை அங்கே என்னைவிடப் பெரிய கோணம் வைத்திருக்கிறது. நாற்பது இழுப்புக்கு அப்புறம் அந்தக் கருங்கோடு போய், மறுபக்கம் விரலை வைத்தால் பிசிறு மெல்லத் தடுக்கியது. வலப்பக்கம் அதற்குள் பாதி நேரம். இரண்டு பட்டையும் இப்போது கிட்டத்தட்ட ஒரே அகலம், முனையை விட்டுவிட்டால்.

அடிமூலையில் மட்டும் இரண்டு மில்லிமீட்டருக்கு மை அப்படியே கருப்பாக இருக்கிறது, கல் அங்கே எட்டவில்லை. சாணைத்தூசி ஐயா, அதற்குக் கல்லின் ஓரத்தைப் பயன்படுத்தலாமா, இல்லை இன்னும் சில தடவை தீட்டினால் தானாக வந்துவிடுமா?